சாரி மேல் மிஷின் ஏறாது

நான் ஒரு தடவை எருமையிடம் சாரி கேட்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் இன்னும் அசிங்கம். மன்னார்குடி கடைத்தெருவில் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒரு எருமையின் விலாவில் போய் முட்டிக்கொண்டு, தலையைத் தூக்காமலே "சாரிங்க" என்றேன். 'ங்க' போட்டிருக்கிறேன் என்பதைக் கவனிக்க வேண்டும். எருமை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாதான், "பரவால்லையாம் சார், நீங்க போங்க" என்றார்.

என் வாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முப்பத்திரண்டு வருஷம் சென்னையில், மிக்ஸி கிரைண்டர் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தது அது. காலை ஒன்பதரைக்குப் போனை எடுத்தால் முதலில் விழுவது சாரிதான். எதிர்முனையில் இருப்பவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியுமுன்பே விழுந்துவிடும். ராங் நம்பருக்கும் உண்டு. ஒரு சாரிக்குப் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மிச்சப் பேருக்கு இரண்டாவது சாரி, கொஞ்சம் இழுத்து. அதற்கும் மசியாதவர்களுக்கு மேனேஜரின் சாரி. அது உயர்ந்த ரகம், ஏ.சி. அறையிலிருந்து வரும். மிக்ஸியைச் சரிபண்ணுவது வேறொரு பிரிவு. அவர்கள் யாரும் யாரிடமும் சாரி சொல்லி நான் கேட்டதில்லை.

என் மனைவி மன்னார்குடியில் கணக்கு டீச்சர். அத்தனை வருஷமும் வாரக்கடைசிக் கணவனாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் முழுநேரப் பொறுப்பில் வந்து சேர்ந்தேன். முதல் மாதத்திலேயே அவள் என்னைப் பற்றி ஒரு புள்ளிவிவரம் எடுத்திருந்தாள். "காபியை மேல கொட்டினதுக்கு ஒண்ணு, அதைத் துடைக்கும்போது என் காலை மிதிச்சதுக்கு ஒண்ணு, அதுக்கு நான் முறைச்சதுக்கு ஒண்ணு. மணி ஏழுதான் ஆகுது. கொஞ்சம் மிச்சம் வைங்க, பகல் முழுக்க இருக்கு."

வேலையில்லாத மனிதனுக்குக் காது கூர்மையாகிவிடும். இந்த ஊரில் அந்த வார்த்தை எங்கெங்கே என்னென்ன வேலை பார்க்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் கண்டக்டர், "சாரி, வலங்கைமான் போறவங்க ஏறாதீங்க" என்றால், ஏறினால் இறக்கிவிடுவேன் என்று அர்த்தம். மருந்துக்கடையில் கேட்ட மாத்திரை இல்லை என்பதற்கு முகவாயைத் தூக்கி ஒரு சாரி. அதில் வருத்தம் இருக்காது. அடுத்த ஆள் வரலாம் என்பதுதான் இருக்கும். பெங்களூரில் இருக்கும் என் மகள் போனை எடுக்க மறந்துவிட்டு நாலைந்து 'ரி' போட்டு எழுதுவாள். 'ரி' கூடக் கூட, மறுபடி கூப்பிடப்போவதில்லை என்பது உறுதி.

குத்தாலத்தில் என் மனைவியின் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். சொந்தக்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பி, 'நேரில் வந்து அழைக்க முடியவில்லை, சாரி' என்று எழுதியிருந்தார். பெரியப்பா முகூர்த்தம் முடிகிறவரை காத்திருந்து, 'நேரில் வந்து வாழ்த்த முடியவில்லை, சாரி' என்று பதில் போட்டார். இரண்டு சாரியும் இன்றுவரை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு அந்தப் போனுக்குள் கிடக்கின்றன.

இதற்கெல்லாம் தமிழில் ஒரு சில்லறை வார்த்தை இல்லாததுதான் வம்பு. 'மன்னிப்பு' பெரிய நோட்டு. மேடையிலும் கோர்ட்டிலும் செல்லும், டீக்கடையில் நீட்டினால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். யார் மேலாவது கால் பட்டுவிட்டால் அவர்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், அவ்வளவுதான், வாய்க்கு வேலையே இல்லை. மற்றதற்கெல்லாம் 'தப்பா நெனச்சுக்காதீங்க' என்று ஒன்று வைத்திருக்கிறோம். அதிலும் பாருங்கள், தப்பு செய்தது நாம், தப்பாக நினைக்காமல் இருக்கும் பொறுப்பு அவர்களுடையது. வெள்ளைக்காரன் சாரி சொல்கிறான், நாம் சாரி கேட்கிறோம். கேட்டால் எதிராளி கொடுக்க வேண்டும். கொடுக்காமலும் இருக்கலாம் என்பது முப்பத்திரண்டு வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

தோன்ற வைத்தவர் என் பக்கத்து வயல்காரர்.

மன்னார்குடியிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிஷத்தில் எங்களுக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. மூன்று மா ஒரு ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ஆக, இரண்டு ஏக்கர். அதுவரை குத்தகையில் இருந்தது. நான்தான், ஓய்வு பெற்ற ஆண்களுக்கு வரும் ஒரு வகைக் காய்ச்சலில், இனி நானே சாகுபடி செய்வேன் என்று கிளம்பினேன். தார்ரோட்டிலிருந்து இறங்கினால் முதலில் அவருடைய வயல், அதைத் தாண்டி என்னுடையது, எனக்குப் பின்னால் வடிகால் வாய்க்கால். அவர் சிங்கப்பூரில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனாலும் நான் அவரை 'அண்ணே' என்பேன். நெல்லில் அவர் எனக்கு அண்ணன். நான் அப்போது தவழ்கிற பிள்ளை. அவர் என்னை 'சார்' என்பார். வயலுக்குப் போகும்போதெல்லாம், "வாங்க சார், டீ சாப்புடுவோம்" என்று பிளாஸ்கைத் திறப்பார்.

ஆவணியில் சம்பாவுக்கு நாற்றங்கால் போட்டோம். அவருடைய நாற்றங்காலும் என்னுடையதும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம். சேறாக்கி, மட்டம் பண்ணி, மேலாகத் தண்ணீரை வடித்துவிட்டு, முளைகட்டிய விதையைத் தெளிக்க வேண்டும். அவர் முதல்நாள் சாயங்காலம் தெளித்துவிட்டார். நான் மறுநாள் தெளிப்பதாக இருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் என்னுடையதில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. என் வேலைகளைச் செய்து கொடுக்கும் ஆள் அன்று ஏதோ விசேஷத்துக்குப் போயிருந்தார். தண்ணீரை வடிப்பதற்கு ஆள் எதற்கு, மம்புட்டி போதாதா என்று நினைத்தேன்.

எந்தப் பக்கம் வெட்டுவது என்பதில் ஒரு சின்னச் சந்தேகம். போனில் மட்டம் பார்க்கிற வசதி ஒன்று உண்டு. சுவரில் படம் மாட்டுகிறவர்களுக்கானது. அதை வரப்பின் மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி ஒரு பக்கம் ஓடியது. குமிழி மேட்டுப் பக்கம் ஓடுமா, பள்ளத்துப் பக்கம் ஓடுமா என்று கணக்கு டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்னால் வடிகால் என்று ஒன்று எதற்காக வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றும் யோசிக்கவில்லை. பொது வரப்பில் நாலு வெட்டு வெட்டினேன். தண்ணீர் ஜோராக ஓடியது. வயல் வடிந்ததும் விதையைத் தெளித்துவிட்டு, மம்புட்டியைத் தோளில் வைத்து ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டு, டீக்கடைக்குப் போனேன்.

அரை மணியில் போன் வந்தது.

"சார், எங்க இருக்கீங்க?"

"டீக்கடையில அண்ணே."

"குடிச்சுட்டீங்களா?"

"குடிச்சுட்டே இருக்கேன்."

"குடிச்சுட்டு கொஞ்சம் வயலுக்கு வந்துட்டுப் போங்க."

கத்தியிருந்தால் எனக்குப் பழக்கமான தொழில். அவர் கத்தவில்லை. போய்ப் பார்த்தேன். அவர் முந்தைய நாள் தெளித்த விதை முழுவதும், பாயசத்தின் அடியில் தங்கிய ஜவ்வரிசி மாதிரி, அவருடைய நாற்றங்காலின் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. மீதி இடமெல்லாம் வெறும் சேறு. அவர் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரிண்ணே" என்றேன். அவர் அள்ளிக்கொண்டிருந்தார். "ரொம்ப சாரிண்ணே." அள்ளிக்கொண்டிருந்தார். "ரியலி சாரி." இது மேனேஜர் ரகம். அதற்கும் ஒன்றுமில்லை. கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, "ம்" என்றார்.

'ம்' வந்துவிட்டது, என் கணக்கில் ஃபைல் மூடியாயிற்று. வீட்டுக்குப் போய் வாட்ஸப்பில் இன்னொரு சாரியும் கும்பிடும் கையும் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. ரசீது மாதிரி நிம்மதியாக இருந்தது.

அந்த ரக விதை டிப்போவில் தீர்ந்துபோயிருந்தது. அவர் இரண்டு இடம் அலைந்து வாங்கி வந்தார். அதற்குள் வாய்க்காலில் எங்கள் பக்கத்து முறை முடிந்து தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அடுத்த முறை வருகிறவரை காத்திருந்து மறுபடி தெளித்தார். எல்லாமாகப் பன்னிரண்டு நாள் பிந்திப்போனார். இதையெல்லாம் நான் வருத்தத்துடன் கவனித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் என் நாற்று என்ன பச்சை, எவ்வளவு உயரம் என்பதைத்தான் கவனித்தேன்.

அப்புறம் அவர் என்னிடம் மரியாதையாகவே இருந்தார். "வாங்க சார்" என்பார். அதற்குப் பிறகு வரவேண்டிய டீ மட்டும் வரவில்லை. பிளாஸ்க் பழுதாகியிருக்கும் என்று நினைத்தேன். பிளாஸ்க் பழுதாக ஐந்து மாதம் கொஞ்சம் நீளம்தான்.

தை பிறந்தது. என் ஆறு மாவும் பழுத்துத் தலை சாய்த்து நின்றது. முதல் சாகுபடியில் இப்படி விளையும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. ஆளைப் பார்த்து விளைவதில்லை நெல். அதே வாரம் கிழக்கே மேகம் கூடத் தொடங்கியது. இரண்டு மூன்று நாளில் மழை இருக்கும் என்று போன் சொன்னது, டீக்கடையும் சொன்னது. பழுத்த நெல் மழையில் படுத்தால் அவ்வளவுதான். படுக்காவிட்டாலும், நாள் கடந்தால் கை பட்டாலே உதிரும். நான் அறுவடை மிஷின் ஏஜெண்டைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கும் நாளன்னைக்கும் வண்டி உங்க பக்கம்தான் சார் ஓடுது. அப்புறம் வலங்கைமான் பக்கம் போயிடும். பாதை எப்படி?"

"பக்கத்து வயல் வழியா."

"அது அறுத்தாச்சா?"

"இன்னும் பத்துப் பன்னெண்டு நாள் ஆகும்."

"ஒரே ரகம்தானே? ரோட்டோரத்துக்காரர் ஏன் சார் பின்னாடி விதைச்சாரு? முன்னாடியே விதைச்சிருந்தா வண்டி நேரா உள்ள வந்திருக்குமே."

"அவர் முன்னாடிதான் விதைச்சாரு."

"அப்புறம்?"

அப்போதுதான் எனக்கே புரிந்தது. ஆவணியில் நான் கெடுத்தது அவருடைய நாற்றங்காலை மட்டும் இல்லை. தையில் என் நெல் வெளியே வரவேண்டிய வழியையும் சேர்த்து நானே அடைத்திருக்கிறேன். பின்னால் வடிகால், இரண்டு பக்கமும் நடை வரப்பு மட்டும். மிஷின் பறந்துதான் வரவேண்டும்.

வீட்டில் சொன்னேன். மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே, "கணக்கு சரியாத்தான் வந்திருக்கு" என்றாள்.

"இப்ப என்ன பண்றது?"

"போய்க் கேளுங்க. ஒரு தடம் விட்டாப் போதும் இல்லையா? ஆனா அந்த வார்த்தையை வீட்டுல வச்சுட்டுப் போங்க."

வார்த்தையை வீட்டில் வைத்துவிட்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அவருடைய மனைவி பையைப் பார்த்துப் பதறி, "யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்றார். எனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம்.

அவர் உள்ளேயிருந்து வந்து நாற்காலியைப் போட்டார். நான் மேகத்தைப் பற்றிப் பேசினேன். மிஷின் கிடைப்பதே கஷ்டமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னேன். அவருக்கு நான் வந்த காரணம் நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே தெரிந்திருக்கும். ஆனாலும் உதவி செய்யவில்லை. கடைசியில் கேட்டேன். ஓரமாக ஒரு தடம், மிஷின் அகலத்துக்கு.

"என் கதிர் இன்னும் பச்சை ஓடுது சார்" என்றார்.

"தெரியும் அண்ணே."

"ஏன் ஓடுதுன்னும் தெரியும்ல?"

"தெரியும். அதுக்குத்தான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்தேன். வீட்டில் வைத்துவிட்டு வந்தது எப்படியோ பின்னாலேயே வந்து வாய்க்குள் ஏறிவிட்டது. "சாரி சொன்னேனே அண்ணே."

"சொன்னீங்கள்ல? அப்புறம் என்ன சார், அது மேல ஏத்தி ஓட்டிட்டுப் போங்க."

உள்ளே அவருடைய மனைவி சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிங்கப்பூர்ல பத்து வருஷம் இருந்தேன் சார்" என்றார் அவர். "லிஃப்ட்ல தோள் இடிச்சா சொல்லுவாங்க. சொல்லிட்டு அவங்க மாடியில அவங்க இறங்கிடுவாங்க. நீங்களும் நானும் எந்த மாடியில சார் இறங்குறது? தினம் பக்கத்துல பக்கத்துல நிக்கிறோம்."

"விதை போனது என் தப்புதான் அண்ணே."

"விதை போனா போவுது. தண்ணி பாயறதுல எல்லாருக்கும் நடக்கறதுதான், எங்கப்பா காலத்துல இதைவிடப் பெருசா நடந்திருக்கு. புரட்டாசியில நீங்க நட்டு முடிச்சீங்க. நாத்து மிஞ்சிச்சு. கட்டி வச்சது நாப்பது முடி இருக்கும். உங்க வரப்புல அப்படியே கெடந்து காஞ்சுது. எனக்கு நாத்து பத்தாம ஒரு ஓரம் வெறும் சேறா கெடக்கு, நான் அந்த வரப்பு மேலதான் தினம் போய்ட்டு வர்றேன். மிஞ்சுன நாத்தை இந்தப் பக்கம் யாரும் காய விடமாட்டாங்க சார். பேசாத ஆளா இருந்தாக்கூட, 'எடுத்துக்க'ன்னு அவன் வயல்ல வீசிட்டுப் போயிடுவாங்க."

"கேட்டிருந்தீங்கன்னா..."

"எது, நான் கேக்கணுமா?"

அதற்குமேல் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒப்பித்தேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள். அது நல்ல அறிகுறி இல்லை.

"அந்த நாத்து காயறதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு என்ன பண்ணீங்க?"

"போட்டோ எடுத்தேன். வரப்புல வரிசையா அழகா இருந்துச்சு."

என் மனைவி முப்பது வருஷமாக எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். முழு முட்டாள்தனத்தைப் பார்க்கும்போது கோபப்படக்கூடாது என்று பழகியிருக்கிறாள். எழுந்து போய் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வயலில் அவரைப் பிடித்தேன். மேகம் முந்தைய நாளைவிடக் கறுத்திருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கருக்கரிவாள் என் கையில். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்ததால், முன்னால் எடுத்ததும் அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"அண்ணே, மிஷின் தடம் எட்டடி. ரோட்டுலேர்ந்து என் வயல் வரைக்கும் அதை நானே கையால அறுத்துக் கட்டி உங்க களத்துல கொண்டாந்து போட்டுடறேன். ஈரநெல்லா வரும். அதை நான் எடுத்துக்கிட்டு, என் பழுத்த நெல்லுல அதே அளவு உங்களுக்கு அளந்துடறேன். வேண்டாம்னா வேண்டாம். மழை வந்தா வரட்டும், பன்னெண்டு நாள் நானும் உங்களோடவே நிக்கிறேன். அது நியாயம்தான்."

பேச்சு நான் ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"அரிவா பிடிச்சிருக்கீங்களா சார்?"

"இல்ல."

"ஆளு வச்சு அறுக்கலாமே."

"நேத்தே ஊரெல்லாம் கேட்டுட்டேன். ஆளு இல்லைங்கறாங்க."

அவர் மேகத்தைப் பார்த்தார். பிறகு வரப்பில் ஒரு குச்சியை நட்டு, எட்டடி தாண்டி இன்னொன்றை நட்டார். "இதுக்கு அந்தாண்ட ஒரு கதிர் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டு, நல்ல நாடகத்துக்கு இடம் பிடிக்கிற மாதிரி ரோட்டோரம் போய் உட்கார்ந்தார்.

குனிந்தேன். நெல் அறுப்பதில் இரண்டு கஷ்டம். ஒன்று குனிவது, இன்னொன்று நிமிர்வது. இடது கையில் பிடி பிடிப்பதற்குள் பாதித் தாள் நழுவிவிடும். மிச்சத்தை இழுத்தால் வேரோடு வரும். ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், மாட்டுக்குப் புல்லா?" என்றார். பக்கத்து வயல்காரர் என் சார்பாக, "இல்லப்பா, சார் முடி வெட்டிவிடறாரு" என்றார். பிளாஸ்கோடு வந்த அவருடைய மனைவி, "ஐயோ பாவம், வேணாம்னு சொல்லுங்க" என்றார். "அவரே ஆசைப்பட்டுக் கேட்டாரு" என்று பதில் வந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. நிமிர்ந்து திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேர் படுக்கிற பாய் அளவுக்கு இடம் வெறுமையாக இருந்தது. இடது சுண்டுவிரலில் ரத்தம். கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தேன். அலட்டுவதற்காக இல்லை, நிமிர்ந்தே நின்றால் அப்படியே நின்றுவிடுவேன் என்று பயம். என் வயல் எங்கேயோ தூரத்தில், வேறு தாலுகாவில் இருப்பது போலத் தெரிந்தது. கிழக்கேயிருந்து ஒரு காற்று வந்து, பழுத்த என் கதிர்களை ஒரு தடவை படுக்கவைத்து எழுப்பிவிட்டுப் போனது. சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் நான் யாரிடமும் எதற்கும் சாரி சொல்லவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மூச்சு இருந்தால்தானே.

அவர் எழுந்து வந்தார். நான் அறுத்த அடித்தாளைக் காலால் தடவிப் பார்த்தார். ஒன்று முழங்கால் உயரம், ஒன்று தரையோடு.

"சார், இந்த வேகத்துல போனா நீங்க உங்க வயலுக்குப் போய்ச் சேரும்போது அடுத்த சம்பாவுக்கு நாத்து வுட்டிருப்பாங்க."

"மதியத்துக்குள்ள வேகம் பிடிச்சுடும் அண்ணே."

"மதியம் ஆஸ்பத்திரியில இருப்பீங்க. வீட்டுல டீச்சருக்கு யாரு பதில் சொல்றது?" அரிவாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். போனை எடுத்தார். "ஏம்ப்பா, வண்டி எங்க நிக்கிது? ... சரி, அதை முடிச்சுட்டு நேரா இங்க வுடு. ... ஆமா, என் வயல் வழியாத்தான். ... இல்ல, எனக்கு இல்ல, சாருக்கு. எனக்கு ஓரமா ஒரு தடம், ஒரே ஓட்டு மட்டும்."

பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார். எனக்கு முதலில், பிறகு அவருக்கு. விரலைத் தூக்கிப் பிடிக்கும்படி அவருடைய மனைவி சொன்னார். தூக்கிப் பிடித்துக்கொண்டே டீ குடித்தேன். ரோட்டில் போகிறவர்களுக்கு நான் ஏதோ முக்கியமான ஒரு கருத்தைச் சொல்வது போல இருந்திருக்கும்.

பத்தரைக்கு மிஷின் வந்தது. ரோட்டிலிருந்து இறங்கி, நான் போட்ட பாயைச் சிரிக்காமல் தாண்டி, அவருடைய வயலுக்குள் நுழைந்தது. பழுத்த நெல்லுக்குள் போகும்போது மிஷின் ஒரு மாதிரி சத்தம் போடும். பச்சை ஓடும் நெல்லுக்குள் வேறு மாதிரி, மென்று விழுங்கக் கஷ்டப்படுகிற மாதிரி. அவர் மிஷின் பக்கமே திரும்பவில்லை. தார்ப்பாயை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துக்கொண்டிருந்தார். மிஷின் அந்த ஒரு ஓட்டு நெல்லை அதில் கொட்டிவிட்டு என் வயலுக்குள் போனது. கையில் அள்ளிப் பார்த்தேன். பாதி மஞ்சள், பாதி பச்சை, குளிர்ந்திருந்தது. இன்னும் பன்னிரண்டு நாள் நின்றிருந்தால் முழுசாக ஆகியிருக்கும் நெல்.

மழை விழுவதற்கு முன் என் ஆறு மாவும் முடிந்துவிட்டது. டிராக்டரில் நெல் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு அளக்க வேண்டியதை முதலில் அளந்துவிடலாம் என்று சாக்குகளை எடுத்தோம். ஒருவர் சாக்கின் வாயைப் பிரித்துப் பிடிக்க, இன்னொருவர் அள்ளிக் கொட்ட வேண்டும். அவர் அள்ளினார், நான் பிடித்தேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய வயல் நன்றாகத் தெரிந்தது. வயல் முழுக்க இன்னும் பழுக்காத கதிர். ஓரத்தில் ரோடு வரைக்கும், படிய வாரிய தலையில் எடுத்த பக்க வகிடு மாதிரி, எனக்காக வெட்டிய எட்டடி. மிஷினின் பெல்ட் அழுத்திய தடத்தில் அதற்குள் சேற்றுத்தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது.

முப்பத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன அத்தனையிலும் ஒன்றையாவது மனதாரச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. இப்போது உண்மையாகவே வந்தது. சாக்கை மறந்து நிமிர்ந்தேன். கொட்டிய நெல்லில் பாதி வெளியே சிந்தியது.

"அண்ணே" என்றேன், "நான் மனசார உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"பேசாம சாக்கைப் பிடிங்க சார்."